கேளுங்கள், கழற்றிப் பார்ப்போம்: அடுத்த பிளேஸ்டேஷனும் நம் வீட்டு டி.வி.யும்

இந்த மாதம் ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின் கேள்விகளைக் காணோம். கடிதக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் விளையாட்டுப் பெட்டி. சோனியின் அடுத்த பிளேஸ்டேஷன், சுருக்கமாக பி.எஸ்.6, பற்றிய பேச்சு தோட்டத்து லயம் வரைக்கும் வந்துவிட்டது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போடுகிறேன். என் ஊர் உங்களுக்குத் தெரியும்: பலகையில் பெஸ்தாரி ஜெயா, வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.

அங்கிள், பி.எஸ்.5 வாங்க ரெண்டு வருஷமா காசு சேர்த்தேன். இப்ப கூட்டாளிங்க எல்லாம் "பி.எஸ்.6 வருது, கிராஃபிக்ஸ் சினிமா மாதிரியே இருக்கும், பொறு"ன்னு சொல்றானுங்க. பொறுக்கவா, வாங்கவா?
(படிவம் 4 மாணவன், பத்தாங் பெர்ஜுந்தை)

தம்பி, "சினிமா மாதிரியே" என்ற சொல்லை நான் நாலாவது தடவையாகக் கேட்கிறேன். 2000-இல் பி.எஸ்.2 வந்தபோது ஜப்பான் அரசாங்கமே அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. ஏவுகணையை வழிநடத்தக்கூட அந்தச் சக்தி உதவும் என்று பயம். அப்பேர்ப்பட்ட பெட்டியில் நம் தோட்டத்துப் பையன்கள் என்ன செய்தார்கள்? விடிய விடிய வின்னிங் லெவன் கால்பந்து ஆடினார்கள். ஆடி ஆடித் தேய்ந்த கண்ட்ரோலர்கள் வாளி வாளியாக என் கடைக்கு வந்தன.

2005-இல் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் பி.எஸ்.3-க்காக ‘கில்ஸோன்’ துப்பாக்கி விளையாட்டின் ஒரு காட்சி காட்டினார்கள். உலகமே வாயைப் பிளந்தது. பிறகுதான் தெரிந்தது, அது பெட்டியில் ஓடிய விளையாட்டு இல்லை, முன்கூட்டியே வரைந்து வைத்த படம். அசல் விளையாட்டு கடைக்கு வந்தது 2009-இல். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் படம் வேறு, இது வேறு.

இப்போது இன்னொன்றைப் பார். 2025 மே மாதம் ‘ஜி.டி.ஏ. 6’ விளையாட்டின் இரண்டாவது முன்னோட்டம் வந்தது. அது முழுக்க ஒரு பி.எஸ்.5-இல் ஓட்டிப் பதிவு செய்தது என்று தயாரித்தவர்களே சொன்னார்கள். அதாவது உன் கூட்டாளிகள் "பழசு" என்று சொல்கிற பெட்டி அது. பெட்டி வந்து நாலரை வருஷம் கழித்துத்தான் அதைப் பிழியக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த பெட்டி பற்றி ஆதாரத்தோடு பேச வேண்டுமென்றால் 2025 அக்டோபர் வீடியோவைப் பார்க்க வேண்டும். சோனியில் பிளேஸ்டேஷனை வடிவமைக்கும் மார்க் செர்னியும் சிப் நிறுவனமான ஏ.எம்.டி.யின் ஜாக் ஹுயின்னும் உட்கார்ந்து பேசியது. மூன்று விஷயம் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவுக் கணக்கை வேகமாகப் போட சிப்புக்குள் கணக்குப் போடும் குழுக்களைச் சேர்த்துக் கட்டுவது ஒன்று. வெளிச்சத்தின் பாதையைக் கணக்கிடுவதற்கென்றே தனி உறுப்பு, அதற்கு ‘ரேடியன்ஸ் கோர்’ என்று பெயர். மூன்றாவது, நினைவகத்துக்குப் போகிற வருகிற எல்லாத் தரவையும் சுருக்கி அனுப்புவது. இதெல்லாம் இப்போதைக்குக் கணினிக்குள் ஒத்திகையாகத்தான் இருக்கிறது, பெட்டிக்குள் வர இன்னும் சில வருஷம் ஆகும் என்று செர்னி தன் வாயாலேயே சொன்னார். தேதியும் சொல்லவில்லை, விலையும் சொல்லவில்லை.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. "பொறுத்தால் பழசு மலிவாகும்" என்பது என் காலத்துக் கணக்கு. பி.எஸ்.2 அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்து 2009-இல் 99 டாலருக்கு இறங்கியது. பி.எஸ்.5 தலைகீழ். 2025 ஆகஸ்டில் அங்கே 50 டாலர் ஏறியது. அந்த வருஷக் கடைசியில் மெமரி சிப் விலையும் ஏறியது, செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போனதால்.

எனவே வாங்கு. டிஸ்க் போடுகிற சாதா பெட்டி போதும். அடுத்த வருஷம் உனக்கு எஸ்.பி.எம். தேர்வு. அதை உன் அம்மா ஞாபகப்படுத்துவார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணே, மாமாக் கடையில் ஒரு பந்தயம். பி.எஸ்.5 புரோவின் சக்தி 33.5 டெராஃபிளாப் என்கிறான் என் கூட்டாளி. நான் 16.7 என்கிறேன். தோற்றவர் ஒரு வாரம் ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும். யார் ஜெயிச்சது?
(செம்பனை லோரி ஓட்டுநர், கோல சிலாங்கூர்)

நீங்கள்தான். முட்டை போட்டதாகவே வாங்கச் சொல்லுங்கள். ஆனால் கூட்டாளியும் வாயில் வந்ததைச் சொல்லவில்லை. அந்த 33.5 எங்கிருந்து வந்தது என்பதில்தான் ருசி இருக்கிறது.

டெராஃபிளாப் என்றால் வினாடிக்கு ஒரு டிரில்லியன் கணக்கு. இதை நாமே போட்டுப் பார்க்கலாம். சாதா பி.எஸ்.5-இன் படம் வரையும் சிப்பில் 36 கணக்குக் குழுக்கள். ஒரு குழுவில் 64 ஆட்கள் என்று வையுங்கள். ஒவ்வோர் ஆளும் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஆக 2. வினாடிக்கு 2.23 பில்லியன் துடிப்பு. 36-ஐ 64-ஆல் பெருக்கி, 2-ஆல் பெருக்கி, 2.23 பில்லியனால் பெருக்கினால் 10.28 டிரில்லியன். பெட்டி வந்தபோது சொன்ன அதே எண். போட்டிப் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-க்கு 52 குழு, 1.825 பில்லியன் துடிப்பு. அதே கணக்கில் 12 சொச்சம் வரும்.

புரோவில் 60 குழு, கணக்கு 16.7. ஏ.எம்.டி.யின் புதிய சிப்புகளில், இரண்டு பெருக்கல்-கூட்டல் ஜோடிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால், ஓர் ஆள் ஒரே துடிப்பில் இரண்டு ஜோடியையும் சேர்த்துப் போடலாம். அதை எல்லா நேரமும் நடப்பதாக எழுதினால் எண் இரட்டிப்பாகிவிடும். அதுதான் 33.5. குலை வெட்டுகிறவருக்கு இரண்டு கையிலும் அரிவாள் கொடுத்துவிட்டு, இனிமேல் இரண்டு மடங்கு குலை விழும் என்று கிராணி புத்தகத்தில் எழுதுவது போல. செர்னி இதற்கு ‘ஃபிளாப்ஃபிளேஷன்’ என்று பெயர் வைத்தார். பணவீக்கம் போல ஃபிளாப் வீக்கம்.

நீங்கள் லோரி ஓட்டுகிறவர், மீதியை உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும். சாதா பெட்டியைவிடப் புரோவில் கணக்குக் குழு 67 விழுக்காடு அதிகம். நினைவகத்தின் வேகம் வினாடிக்கு 448 கிகாபைட்டிலிருந்து 576, அதாவது 28 விழுக்காடுதான் அதிகம். கடைசியில் படம் வரைகிற வேகம் எவ்வளவு கூடியது என்று சோனி சொன்னது? 45 விழுக்காடு. வெட்ட ஆள் 67 கூட்டினீர்கள், லோரி 28 கூட்டினீர்கள். மில்லுக்கு 67 கூடுதலாக எப்படிப் போய்ச் சேரும்? வெட்டிய குலை சாலையோரத்தில் கிடக்கும். ஆள் அரிவாளைச் சாய்த்துவிட்டு வெற்றிலை போடுவார். அடுத்த பெட்டியில் போக்குவரத்தைச் சுருக்கி அனுப்பப் பார்க்கிறார்கள் என்று மேலே தம்பிக்குச் சொன்னேனே, அது இந்த லோரிக் கஷ்டத்துக்குத்தான். இனிமேல் மாமாக் கடையில் யாராவது டெராஃபிளாப் என்றால் "லோரி எத்தனை?" என்று கேளுங்கள்.

என் பி.எஸ்.5 பெட்டி மேல் 8கே என்று அச்சடித்திருக்கிறது. நான் ஆடும் விளையாட்டு எதுவும் 8கே-யில் வரவில்லையே?
(ஈஜோக்)

நம் ஊர்ப் பக்கம் தென்னமரம் எஸ்டேட் இருக்கிறது. பெயர் தென்னமரம். 1917-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் அங்கே நட்டது செம்பனை, நாட்டிலேயே வியாபாரத்துக்காக நட்ட முதல் செம்பனை. இன்றைக்கும் யாரும் அங்கே போய்த் தேங்காய் கேட்பதில்லை. உங்கள் பெட்டியில் அச்சடித்த 8கே என்ற மிகக் கூர்மையான பட அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் அந்த 8கே முத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்தும்விட்டார்கள்.

அண்ணா, என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பி.எஸ்.5 வாங்கித் தந்தோம். இப்போது "நம்ம டி.வி. 43 அங்குலம் ஃபுல் எச்.டி.தான், 4கே டி.வி. இல்லாட்டி பி.எஸ்.5 வீண்" என்று தினமும் சண்டை. அவன் அப்பா ஒருத்தர் சம்பளம்தான். இது நிஜமா?
(ஓர் அம்மா, தோட்டத்து வீடு, பத்தாங் பெர்ஜுந்தை)

தங்கச்சி, தையல் பெட்டியில் அளவு நாடா இருக்கும், எடுங்கள். டி.வி.யிலிருந்து மகன் உட்காரும் இடம் வரை அளந்து பாருங்கள். லயத்து ஹாலில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் எட்டடி வரும், என் அனுபவம்.

43 அங்குல டி.வி.யின் அகலம் 95 சென்டிமீட்டர். ஃபுல் எச்.டி. என்றால் அந்த அகலத்தில் 1,920 புள்ளிகள். ஆக ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். நல்ல கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்குக் கீழே போகிறபோது இரண்டு புள்ளி ஒன்றாகிவிடும். அந்தக் கணக்கில் அரை மில்லிமீட்டர் புள்ளி ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரியாது. எட்டடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதே 43 அங்குலத்தில் 4கே கொண்டுவந்து வைத்தால் நாலு மடங்கு புள்ளி இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் கூடாது. அவன் மூன்றடியில் தரையில் உட்கார்ந்து விளையாடுகிறான் என்றால் கூடும். அப்போது அவனை டி.வி. கடைக்கு அனுப்புவதைவிடப் பின்னால் தள்ளி உட்கார வைப்பது மலிவு.

பி.எஸ்.5 உங்கள் டி.வி.யில் ஒழுங்காகவே ஓடும். டி.வி. மெனுவில் ‘கேம் மோட்’ என்று இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள், பட்டனை அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் இடையே உள்ள தாமதம் குறையும். செலவில்லாத வேலை.

மகன் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நல்ல 4கே டி.வி.களில் எச்.டி.ஆர். என்று ஒன்று வருகிறது. அது புள்ளியின் எண்ணிக்கை சம்பந்தப்பட்டதில்லை, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள தூரம். மூன்று வருஷம் முன்பு எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்ததும் கடைக்கு வந்து, சும்மா ஓடிக்கொண்டிருந்த டி.வி.யைப் பார்த்தேன். வலது கண்ணை மூடினால் கடல் நீலம், அச்சு அசல் நீலம். இடது கண்ணை மூடினால் அதே கடல் தே தாரேயில் முக்கி எடுத்தது போல. டி.வி. அதே டி.வி., புள்ளியும் அதே புள்ளி. எனக்கு அன்றைக்குத்தான் இத்தனை வருஷம் வாடிக்கையாளர்களிடம் புள்ளிக் கணக்கைப் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தது உறைத்தது. ஆனால் மலிவு டி.வி.யில் ஒட்டியிருக்கும் எச்.டி.ஆர். ஸ்டிக்கரை நம்பாதீர்கள். அது சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுவதற்கு வெளிச்சம் இருக்காது. அது இன்னொரு தென்னமரம்.

குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி இருக்கிற நாட்டில், இருக்கிற டி.வி. சாகும்வரை அதையே ஓட்டுங்கள். அதற்குள் அவன் அரும்பு மீசையோடு பகுதிநேர வேலைக்குப் போய்விடுவான், அவனே வாங்கட்டும்.

எக்ஸ்பாக்ஸா, பிளேஸ்டேஷனா?
(ரவாங்)

உங்கள் கூட்டாளி எதை வைத்திருக்கிறாரோ அது. டிஸ்க் மாற்றிக்கொள்ளலாம்.

ஐயா, மூன்று மாதம் முன்பு இதே பக்கத்தில் "வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம் போதும், மனிதக் கண்ணுக்கு அதற்கு மேல் தெரியாது" என்று எழுதினீர்கள். தவறு. உங்களுக்கு வயதாகிவிட்டது. வாபஸ் வாங்குங்கள்.
(‘கோபக்காரன்’, சுங்கை பூலோ)

வாபஸ். வயதும் நிஜம், தவறும் நிஜம்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வேலை பார்க்கும் பையனிடம் காட்டினேன். அவன் இரண்டு மோடும் உள்ள ஒரு கார் விளையாட்டைப் போட்டான். அழகுக்கு முதலிடம் தரும் ‘குவாலிட்டி’யில் 30, வேகத்துக்கு முதலிடம் தரும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ஸில் 60. எனக்குக் காட்டாமல் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை வைத்தான், எது எது என்று சொல்லச் சொன்னான். ஒன்பது சரி. சும்மா உட்கார்ந்து பார்த்திருந்தால் பாதியைத் தவறவிட்டிருப்பேன். கட்டைவிரல்தான் காட்டிக்கொடுத்தது. வளைவில் திருப்பினால் 30-இல் கார் யோசித்துத் திரும்புகிறது.

கணக்கு எளிது. 30 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கு 33.3 மில்லிவினாடி, 60 என்றால் 16.7. சிலர் 40 வைக்கிறார்கள், "பத்துதானே கூடுதல்" என்று தோன்றும். நேரத்தில் பார்த்தால் 25 மில்லிவினாடி, சரியாக நட்டநடு. ஆனால் அதற்கு வினாடிக்கு 120 தடவை புதுப்பிக்கிற திரை வேண்டும்.

உங்கள் கட்சிக்கு ஆள் பலமும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் புரோவை அறிமுகப்படுத்தும்போது, தேர்வு கொடுத்தால் நாலில் மூன்று தடவை ஆட்டக்காரர்கள் ‘பெர்ஃபார்மன்ஸ்’ஸைத்தான் எடுக்கிறார்கள் என்று செர்னி சொன்னார். அழகைப் பற்றி ஊரெல்லாம் சண்டை, வீட்டுக்குள் போனதும் எல்லோரும் வேகத்தைத்தான் எடுக்கிறார்கள். பெண் பார்க்கப் போன கதை மாதிரி இருக்கிறது, விரித்துச் சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

இப்போதெல்லாம் பெட்டி பாதிப் படம்தான் வரைகிறதாம், மீதியை ஏ.ஐ. ஊகித்து நிரப்புகிறதாம். இது ஏமாற்று வேலை இல்லையா?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோல சிலாங்கூர்)

பாதிகூட இல்லை, டீச்சர். ஃபுல் எச்.டி.யில் வரைந்து 4கே-ஆக ஏற்றினால், திரையில் உள்ள 82 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளில் உண்மையாகக் கணக்கிட்டது 20 லட்சத்துச் சொச்சம். நாலில் மூன்று ஊகம்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு, வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுப்பது. இருட்டில் முகம் தெரியாது. கங்காணி விளக்கை ஒரு சுற்று வீசுவார், பாதிப் பேர் மேல்தான் வெளிச்சம் படும். மீதிப் பேரை நிற்கிற இடம், தோள் சாய்வு, இருமல் இவற்றை வைத்தே பெயர் அடித்துவிடுவார். நேற்று எங்கே நின்றான், முந்தாநாள் எங்கே நின்றான் என்று மண்டைக்குள் பட்டியல் இருக்கும். தப்பவே மாட்டார். தப்பியது எப்போது என்றால், பக்கத்துத் தோட்டத்திலிருந்து புது ஆள் வந்து வரிசையில் நின்ற அன்றைக்கு. அவனை என் சித்தப்பாவாக நினைத்து அடித்துவிட்டார், சித்தப்பா வீட்டில் தூங்கிக்கொண்டே சம்பளம் வாங்கினார்.

பி.எஸ்.5 புரோவின் ‘பி.எஸ்.எஸ்.ஆர்.’ செய்வதும் அதுதான், சிப் நிறுவனமான என்விடியாவின் ‘டி.எல்.எஸ்.எஸ்.’ செய்வதும் அதுதான். 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2-இலும் இதே வித்தை இருக்கிறது. முந்திய ஃபிரேம்களில் எந்தப் புள்ளி எங்கே இருந்தது, எந்தப் பக்கம் நகர்கிறது என்ற பட்டியலை வைத்து இந்த ஃபிரேமை நிரப்புகிறது. ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஆள் வந்தால், அதாவது முந்திய ஃபிரேமில் இல்லாத புது ஆள், அங்கேதான் கங்காணி தடுமாறுவார். ஓரத்தில் நிழல் இழுக்கும். இலை தழை, கம்பிவலை போன்ற பொடி விஷயங்கள் நடுங்கும். புரோ வந்த புதிதில் சில விளையாட்டுகளில் இப்படி நடுங்கியதைப் பலரும் பார்த்தார்கள்.

ஏமாற்றா என்றால், நான் இல்லை என்பேன். மிச்சமாகிற சக்தி வெளிச்சத்துக்குப் போகிறது. ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து, கண்ணாடியிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்புவதைக் கணக்கிட்டு வரையும் முறையை 1980-இல் டர்னர் விட்டட் என்பவர் செய்து காட்டினார். 640-க்கு 480 அளவில் ஒரே ஒரு படம். அன்றைய கணினிக்கு 74 நிமிஷம் பிடித்தது. அந்த வேலையை இப்போது 16.7 மில்லிவினாடிக்குள் கேட்கிறோம். எல்லாப் புள்ளிக்கும் செய்தால் எந்தப் பெட்டியும் தாங்காது. கொஞ்சம் புள்ளிக்கு ஒழுங்காகச் செய், மீதியைக் கங்காணி பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். அடுத்த பெட்டியில் உங்கள் கண்ணுக்குத் தெரியப்போகிற வித்தியாசம் இதில்தான் வரும். அறைக்குள் ஜன்னல் வெளிச்சம் விழுகிற விதம், ஈரச் சாலையில் விளக்கு. முகச் சுருக்கத்தை எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் ஏமாறுவார்கள்.

தம்பி, பேரன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். அவன் விட்டுட்டுப் போன கறுப்புப் பெட்டி, பி.எஸ்.2-ன்னு சொல்றாங்க, அலமாரியில கெடக்கு. இப்ப சின்னப் பேத்தி கேக்குறா. புது டி.வி.யில சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டையே இல்லியே. பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ ஒயர் வாங்கிப் போட்டான், படம் கஞ்சி மாதிரி இருக்கு. பெட்டி கெட்டுப் போச்சா?
(சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது, பத்தாங் பெர்ஜுந்தை)

அக்கா, பெட்டி கெடவில்லை. டி.வி.தான் பொருந்தவில்லை. அந்தக் காலத்துப் பெட்டி ஒரு படத்தை ஒற்றைப்படைக் கோடு ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடு ஒரு தடவை என்று மாற்றி மாற்றி அனுப்பும். பழைய குண்டு டி.வி. அப்படியே வாங்கி வரையும், கோடுகளும் கொஞ்சம் கசிந்து ஒன்றாகும். அந்தக் கசிவை மனசில் வைத்துத்தான் படத்தையே வரைந்தார்கள். தட்டை டி.வி. அதை இழுத்துப் பெரிசாக்குகிறது, அதனால்தான் கஞ்சி.

என் கடைப் பின்கட்டில் ஒரு 21 அங்குலக் குண்டு டி.வி. இருக்கிறது. நல்ல நிலைமை, காசு வேண்டாம், இடம் காலியானால் போதும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். பெட்டியையும் கொண்டுவாருங்கள், உள்ளே எறும்பு கூடு கட்டியிருக்கும், ஊதிவிட்டுத் தருகிறேன். முன்னால் குட்டியாக ஒரு மெமரி கார்டு செருகியிருக்கும். அதை மட்டும் பேத்தி அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேரன் வின்னிங் லெவனில் கட்டிய குழு அதில் இருக்கலாம், தீபாவளிக்கு வந்தால் கேட்பான். டி.வி.யைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மோட்டார் சைக்கிளில் வராதீர்கள்.